ஜெர்சி டிரஸ்ட்: பத்திரத்தைவிட மினிட்ஸ் முக்கியம்

ஜெர்சி பசுவை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பசு வந்த தீவில் இன்று பாலைவிடப் பெரிய தொழில் டிரஸ்ட்டும் கம்பெனியும்தான். பிரான்ஸின் நார்மண்டிக் கரைக்கு எதிரே சுமார் 118 சதுர கிலோமீட்டர் நிலம், ஒரு லட்சத்துச் சொச்சம் மக்கள். பிரிட்டிஷ் மன்னருக்கு உட்பட்ட தீவு. ஆனால் யுனைடெட் கிங்டமின் பகுதி அல்ல, ஐரோப்பிய யூனியனிலும் இல்லை. தனிச் சட்டமன்றம், தனி வரி, தனி கோர்ட். தலைநகர் செயின்ட் ஹீலியரில் எஸ்பிளனேட் சாலையிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் மூரான்ட், ஓஜியே, கேரி ஓல்சன், பெடல் கிறிஸ்டின், வாக்கர்ஸ், ஆப்பிள்பி, காலஸ் கிரில் என்று வக்கீல் நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் வரிசையாக இருக்கும்.

புதிதாக வருபவர்கள் அநேகமாக எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. "டிரஸ்ட் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வக்கீல் நிறுவனத்திடம் கேட்பார்கள். வக்கீல் பத்திரம் எழுதுவார், சட்டக் கருத்துக் கடிதம் தருவார், கோர்ட்டில் வாதாடுவார். டிரஸ்டியாக உட்கார்ந்து சொத்தைத் தன் பெயரில் வைத்திருப்பது, கம்பெனிக்கு டைரக்டர் தருவது, கணக்கு எழுதுவது எல்லாம் டிரஸ்ட் கம்பெனியின் வேலை. அதற்கு 1998-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் கீழ் ஜெர்சி நிதிச் சேவைகள் ஆணையத்தின் பதிவு வேண்டும். பதிவில்லாமல் அதைத் தொழிலாகச் செய்வது குற்றம்.

ஒரு காலத்தில் இரண்டும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இருந்ததால் வந்த குழப்பம் இது. மூரான்ட் தன் நிர்வாகப் பிரிவை 2010-ல் ஸ்டேட் ஸ்ட்ரீட்டுக்கு விற்றது. ஓஜியேயின் பிரிவு 2014-ல் கைமாறி எலியன் ஆனது, 2016-ல் இன்டர்டிரஸ்ட்டுக்குள் போனது. பெடலின் டிரஸ்ட் பிரிவு ஒகோரியன் ஆனது. ஆப்பிள்பியினுடையது எஸ்டேரா ஆகி, பிறகு அதே ஒகோரியனோடு சேர்ந்தது. அதற்கப்புறம் சில வக்கீல் நிறுவனங்கள் சின்ன அளவில் நிர்வாகப் பிரிவை மறுபடி தொடங்கியிருக்கின்றன. ஆகவே முதல் சந்திப்பிலேயே இரண்டு கேள்வி கேட்டுவிடுவது நல்லது. டிரஸ்டியாகக் கையெழுத்துப் போடப்போவது எந்தச் சட்டப்பூர்வ நிறுவனம்? பத்திரம் எழுதும் வக்கீல் யாருடைய வக்கீல், குடும்பத்துக்கா டிரஸ்டிக்கா? டிரஸ்டியின் வக்கீலே எல்லோருக்கும் சேர்த்து எழுதிய பத்திரத்தில், டிரஸ்டியின் பொறுப்பைக் குறைக்கும் ஷரத்துகள் தாராளமாகத்தான் இருக்கும்.

இனி தலைப்பில் சொன்ன விஷயம். ஜெர்சியில் டிரஸ்ட் பத்திரம் மோசமாக எழுதப்பட்டு ஒரு டிரஸ்ட் உடைவது அபூர்வம். பத்திரங்கள் பழகித் தேய்ந்த மாதிரிகளிலிருந்து வருகின்றன. உடைவது அதன்பிறகு, டிரஸ்டி எப்படி முடிவெடுத்தார் என்பதில். அந்த முடிவை எழுதிவைக்கும் கூட்டக் குறிப்புதான் மினிட்ஸ்.

இதற்கு ஜெர்சி சட்ட வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. தீவின் அடிப்படைச் சட்டம் நார்மன் வழக்காற்றுச் சட்டம். ஆங்கிலப் பொதுச்சட்டம் அல்ல. அதில் "டொனே எ ரெத்தனிர் ந வோ" என்றொரு பழைய விதி: கொடுத்துவிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டால் அந்தக் கொடை செல்லாது. 1984-ல் டிரஸ்ட்டுகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. 1989-ல் அதைத் திருத்தி, இந்தப் பழைய விதி டிரஸ்ட்டுக்குப் பொருந்தாது என்று சேர்த்தார்கள். ஆனால் அதற்கு முன்பே ஏற்படுத்திய ஒரு டிரஸ்ட் கோர்ட்டில் இருந்தது. 1991-ல் தீர்ப்பான அப்துல் ரஹ்மான் வழக்கு அது. டிரஸ்ட் ஏற்படுத்தியவர், அதாவது செட்லர், உயிரோடு இருந்தவரை டிரஸ்ட் பணத்தைத் தன் சொந்தப் பணமாகவே நடத்தினார். டிரஸ்டி அவர் சொன்னதைச் செய்தார். பத்திரத்தில் எழுதியிருந்த டிரஸ்டியின் விருப்புரிமை, அதாவது தானே யோசித்து முடிவெடுக்கும் உரிமை, நடைமுறையில் இல்லவே இல்லை. தீவின் ராயல் கோர்ட் இரண்டு காரணத்தாலும் அதைத் தள்ளியது: பழைய விதிப்படியும் செல்லாது, போலியும் கூட.

2003-ல் எஸ்டீம் செட்டில்மென்ட் வழக்கில் கோர்ட் கோட்டைத் தெளிவாகப் போட்டது. ஒரு டிரஸ்ட்டைப் போலி என்று சொல்ல செட்லர் மனதில் கள்ளம் இருந்தால் போதாது; டிரஸ்டியும் சேர்ந்து அந்த நோக்கத்தோடு இருந்திருக்க வேண்டும். செட்லர் கேட்டதையெல்லாம் டிரஸ்டி கொடுத்தார் என்பது மட்டுமே போலித்தனத்துக்குச் சான்றாகாது. கேட்டதை யோசித்துக் கொடுத்தாரா, யோசிக்காமல் கொடுத்தாரா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை மினிட்ஸில் இருக்கும், அல்லது இருக்காது.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு பயனாளி வீடு வாங்க 4,00,000 பவுண்டு கேட்கிறார். மோசமான மினிட்ஸ் இப்படி இருக்கும்: "செட்லரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. தொகையை வழங்கத் தீர்மானிக்கப்பட்டது." தேதி, இரண்டு கையெழுத்து, முடிந்தது. இருபது வருஷம் கழித்து விவாகரத்து வழக்கிலோ கடன் கொடுத்தவர் போட்ட வழக்கிலோ இந்தத் தாள் வெளியே வரும்போது, "செட்லரின் கோரிக்கை" என்ற இரண்டு வார்த்தையே எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போதும். கேட்டது பயனாளியாக இருந்தும் மின்னஞ்சல் செட்லரிடமிருந்து வந்ததால் குமாஸ்தா அப்படி எழுதியிருப்பார்.

சரியான மினிட்ஸ் ஒன்றரைப் பக்கம் வரும். யார் கேட்டார், எதற்கு, எந்த ஆவணத்தைக் காட்டினார். எந்த ஷரத்தின் கீழ் கொடுக்க அதிகாரம் இருக்கிறது. புரொடெக்டர், அதாவது டிரஸ்டியைக் கண்காணிக்கப் பத்திரம் நியமிக்கும் ஆள், அவர் சம்மதம் தேவையா, வாங்கியாயிற்றா. டிரஸ்ட்டில் மொத்தம் எவ்வளவு, அதில் உடனே பணமாக்கக்கூடியது எவ்வளவு. மற்ற பயனாளிகளின் தேவை என்ன, அவர்களுக்கு இதுவரை என்ன போயிருக்கிறது. செட்லரின் விருப்பக் கடிதம் என்ன சொல்கிறது, அதோடு ஒத்துப்போகிறதா, போகாவிட்டால் ஏன் விலகுகிறோம். வாங்குபவர் நாட்டில் வரி என்னவாகும், யார் எழுத்தில் சொன்னார். கடனாகக் கொடுக்கலாமா, டிரஸ்ட்டே வீட்டை வாங்கித் தங்கவிடலாமா என்று யோசித்தார்களா. கடைசியில் முடிவும் நிபந்தனையும். அந்த முடிவு சில சமயம் "இல்லை" என்றும் இருக்க வேண்டும். முப்பது வருஷக் கோப்பில் ஒரு "இல்லை" கூட இல்லாவிட்டால், ஒவ்வொரு "சரி"யும் சந்தேகத்துக்குள்ளாகும்.

காரணத்தை எழுதினால் பயனாளிகள் பார்த்துவிடுவார்களே என்று சுருக்கமாக எழுதச் சொல்லும் வக்கீல்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டிரஸ்ட் சட்டத்தின் 29-ஆம் பிரிவு இதைப் பார்த்துக்கொள்கிறது: விருப்புரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்று டிரஸ்டி ஆலோசித்ததையோ அதற்கான காரணத்தையோ வெளிப்படுத்தும் ஆவணங்களை, கோர்ட் உத்தரவு இல்லாமல் பயனாளிகளுக்குக் காட்ட வேண்டியதில்லை. கோர்ட்டே கேட்கும் நிலை வந்துவிட்டால், காரணமில்லாத மினிட்ஸ் டிரஸ்டியைக் காப்பாற்றப்போவதில்லை.

செட்லருக்கு அதிகாரம் வேண்டுமென்றால் அதைப் பின்வாசல் வழியாகக் கொடுக்காமல் பத்திரத்திலேயே எழுதிவிடலாம். 2006-ல் வந்த 9ஏ பிரிவு அதற்குத்தான். டிரஸ்ட்டை ரத்து செய்வது, ஷரத்துகளை மாற்றுவது, பணத்தைப் பகிர்வது, டிரஸ்டியை நீக்கி வேறொருவரை நியமிப்பது, முதலீட்டில் கட்டுப்படுத்தும் உத்தரவு தருவது, டிரஸ்ட்டின் கம்பெனியில் டைரக்டராக இருப்பது, பயனாளியைச் சேர்ப்பது அல்லது நீக்குவது இவற்றைச் செட்லர் தன்னிடம் வைத்துக்கொண்டாலும் டிரஸ்ட் செல்லும் என்று அது பட்டியலிட்டுச் சொல்கிறது. அதே திருத்தத்தில்தான் டிரஸ்ட்டுக்கு இருந்த 100 வருஷ ஆயுள் வரம்பும் போனது.

பட்டியல் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வது பெரிய தவறு. ஜெர்சியின் கடைசி மேல்முறையீடு லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்குப் போகிறது. அதே பிரிவி கவுன்சில் 2011-ல் கேமன் தீவுகளிலிருந்து வந்த ஒரு வழக்கில், செட்லர் தன்னிடம் வைத்திருந்த ரத்து அதிகாரம் சொத்துக்குச் சமம், கடன் கொடுத்தவருக்காக அதை அவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. டிரஸ்ட் ஜெர்சிச் சட்டப்படி நூறு சதவீதம் செல்லும். உள்ளே இருக்கும் பணம் கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடும். முதலீட்டு அதிகாரம் வைத்துக்கொள்வது பொதுவாகத் தாங்கும். டிரஸ்டியை மாற்றும் அதிகாரத்தைப் புரொடெக்டரிடம் கொடுப்பது மேல். ரத்து அதிகாரத்தைக் கேட்பவரிடம், ஏன் கேட்கிறீர்கள் என்று வக்கீல் திருப்பிக் கேட்க வேண்டும்.

டிரஸ்டி வெளி ஆளாக இருப்பது பிடிக்காத குடும்பங்களுக்குத் தனி டிரஸ்ட் கம்பெனி ஒரு நல்ல வழி. ஒரு கம்பெனியை நிறுவி, அந்தக் குடும்பத்தின் குறிப்பிட்ட டிரஸ்ட்டுகளுக்கு மட்டும் அதை டிரஸ்டியாக்குவார்கள். பொதுமக்களிடம் தொழில் தேடாமல், பதிவுபெற்ற டிரஸ்ட் கம்பெனி ஒன்று நிர்வகித்தால், அதற்குத் தனிப் பதிவு தேவையில்லை. குடும்பத்தில் ஒருவர் போர்டில் உட்காரலாம். அதன் பங்குகளை ஒரு நோக்க டிரஸ்ட்டில், அதாவது ஆட்களுக்காக அல்லாமல் ஒரு குறிக்கோளுக்காக உள்ள டிரஸ்ட்டில், வைப்பது வழக்கம். இல்லாவிட்டால் பங்குதாரர் இறக்கும்போது டிரஸ்டியின் கட்டுப்பாடே வாரிசுரிமைக்குள் மாட்டிக்கொள்ளும்.

ஏற்படுத்தும் வேலையில் நேரம் தின்பது பத்திரமல்ல, ஆள் அறியும் ஆவணங்கள். இரண்டு வேறு கேள்விகளை மக்கள் ஒன்றாக்கிவிடுகிறார்கள். மொத்தச் செல்வம் எப்படி வந்தது என்பது ஒன்று. இந்தக் குறிப்பிட்ட பணம் எந்தக் கணக்கிலிருந்து, எந்தப் பரிவர்த்தனையிலிருந்து வருகிறது என்பது இன்னொன்று. "வியாபாரம்" என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பினால் திரும்பி வரும். எந்தக் கம்பெனி, எத்தனை சதவீதம், எந்த ஆண்டு விற்றது, விற்பனை ஒப்பந்தம், பணம் வந்த வங்கி அறிக்கை என்று கேட்பார்கள். பாஸ்போர்ட் நகலில் சான்றளித்தவரின் பெயர், பதவி, தேதி, தொடர்புகொள்ளும் வழி இல்லாமல் இருப்பது இன்னொரு தினசரித் தொல்லை. செட்லரின் சொந்த நாட்டு வரி ஆலோசனையை எழுத்தில் கேட்பார்கள். அதைச் சடங்காக நினைக்காதீர்கள், பின்னால் உயிர்காக்கும்.

எப்படியென்றால், 2013-ல் சேர்த்த பிரிவுகளின்படி செட்லரோ டிரஸ்டியோ தவறான புரிதலில் சொத்தை மாற்றியிருந்தால் ராயல் கோர்ட் அதை ரத்து செய்யலாம். தவறு நடந்ததா, அந்தத் தவறு இல்லாவிட்டால் மாற்றியிருக்கவே மாட்டாரா, ரத்து செய்வதுதான் நியாயம் என்னும் அளவுக்கு அது கடுமையானதா என்று மூன்று படி. டிரஸ்டி எதைக் கவனிக்கத் தவறினார் என்பதை வைத்துக் கேட்கும் மனுவில், அவர் கடமை தவறினார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அது வேண்டும். ஜெர்சி வேண்டுமென்றே பிரிந்து நின்ற இடம் இது. ஆனால் எந்த ஆலோசனையை நம்பினோம் என்ற கடிதம் கோப்பில் இல்லாவிட்டால் முதல் படியிலேயே வழுக்கும்.

சொத்தை மாற்றும்போது இரண்டு விஷயம். ஜெர்சியில் உள்ள நிலத்தை ஜெர்சி டிரஸ்ட் நேரடியாக வைத்திருக்க முடியாது. அந்த அளவுக்கு டிரஸ்ட் செல்லாது என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது. நடுவில் கம்பெனி வேண்டும். (தீவின் நிலப் பரிமாற்றமே தனி உலகம்: வெள்ளிக்கிழமை பிற்பகல் ராயல் கோர்ட்டில் நின்று சத்தியம் செய்துதான் கைமாறும்.) வெளிநாட்டு வாரிசுச் சட்டத்திலிருந்தும் திருமணச் சட்டத்திலிருந்தும் காக்கும் 9-ஆம் பிரிவுக்கும் எல்லை உண்டு. செட்லருக்குச் சொந்தமில்லாத சொத்தை அது காக்காது. வெளிநாட்டில் உள்ள நிலத்தை அந்த நாட்டுச் சட்டத்துக்கு விரோதமாக மாற்றியிருந்தால் அதையும் காக்காது. தம்பதியின் பொதுச் சொத்தாக இருந்ததை ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு டிரஸ்ட்டில் போடுவதில்தான் பெரும்பாலும் சிக்கல் தொடங்குகிறது.

டிரஸ்ட்டின் கீழ் அநேகமாக ஒரு ஜெர்சி கம்பெனி இருக்கும். 1991 கம்பெனிகள் சட்டப்படி தனியார் கம்பெனிக்கு ஒரு டைரக்டர் போதும், பப்ளிக் கம்பெனிக்கு இரண்டு. ஒரு நிறுவனம் டைரக்டராக இருக்க வேண்டுமென்றால் அது பதிவுபெற்ற டிரஸ்ட் கம்பெனியாக இருக்க வேண்டும். பங்கு வெளியிட 1958-ஆம் ஆண்டின் கடன் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் சம்மதம் வாங்க வேண்டும். அந்த ஆணையைத் தீவில் எல்லோரும் "கோபோ" என்றே சொல்வார்கள். உண்மை உரிமையாளர் விவரம் பதிவாளரிடம் போகும், மாற்றம் தெரிந்த 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி முடிவதற்குள் உறுதி அறிக்கை. இவையெல்லாம் காலண்டரில் குறித்துவைத்தால் தானாக நடக்கும்.

தானாக நடக்காதது டைரக்டர்களின் முடிவு. ஜெர்சியில் பெரும்பாலான கம்பெனிகளுக்கு வரி பூஜ்யம். ஆனால் கம்பெனியின் மூளை லண்டனில் இருந்தால் வரியும் லண்டனில்தான். 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த டெவலப்மென்ட் செக்யூரிட்டீஸ் வழக்கைத் தீவின் டைரக்டர்கள் எல்லோரும் படித்திருக்க வேண்டும். 2004-ல் ஒரு பிரிட்டிஷ் குழுமம், வரி நஷ்டத்தை உருவாக்க, புதிய ஜெர்சி கம்பெனிகளை வைத்துச் சந்தை விலையைவிட அதிக விலைக்குச் சொத்துகளை வாங்கவைத்தது. ஜெர்சி டைரக்டர்கள் ஜெர்சியில் கூடினார்கள், ஆவணங்களைப் படித்தார்கள், மினிட்ஸும் இருந்தது. ஆனாலும் கம்பெனிகள் பிரிட்டனில் வசிப்பவை என்ற முதல் தீர்ப்பாயத்தின் முடிவுதான் கடைசியில் நின்றது. அவர்கள் பார்த்தது இது சட்டத்துக்கு உட்பட்டதா என்று மட்டும். கம்பெனிக்கு இது நல்லதா என்று பார்க்கவில்லை என்பது அந்தத் தீர்ப்பாயத்தின் கணிப்பு.

கனமான மினிட்ஸ் எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல மருந்து. முன்கூட்டியே லண்டனில் தட்டச்சு செய்து அனுப்பிய மினிட்ஸில் ஜெர்சியில் கையெழுத்து மட்டும் போடுவது எல்லோரும் அறிந்த ஆபத்து. அதைவிட நுட்பமானது, உண்மையிலேயே கூடி, உண்மையிலேயே படித்து, ஆனால் தவறான கேள்வியைக் கேட்டுக்கொள்வது. 2019 முதல் பொருளாதார இருப்புச் சட்டமும் சேர்ந்துவிட்டது. சம்பந்தப்பட்ட தொழில் செய்யும் கம்பெனிகள் தீவிலிருந்து இயக்கப்படுவதையும், அங்கே போதிய ஆளும் செலவும் இடமும் இருப்பதையும் வருஷா வருஷம் காட்ட வேண்டும். டைரக்டர்களுக்குத் தேவையான அறிவு இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஒரே ஆள் எண்ணெய்க் கப்பல், மருந்துக் காப்புரிமை, கட்டடம் என்று நூறு கம்பெனிகளின் போர்டில் இருந்தால் அந்த அறிவை எப்படிக் காட்டுவது?

கார்ப்பரேட் பக்கம் வக்கீல் நிறுவனங்களின் பிடித்தமான வேலை ஒன்று, லண்டன் பங்குச்சந்தை கம்பெனிகளுக்கான "கேஷ் பாக்ஸ்". பிரிட்டிஷ் சட்டப்படி ஒரு கம்பெனி பணத்துக்குப் புதுப் பங்கு வெளியிட்டால், இருக்கும் பங்குதாரர்களிடம் முதலில் நீட்ட வேண்டும். அதைத் தவிர்க்க ஒரு ஜெர்சி கம்பெனியைத் தொடங்குவார்கள். சாதாரணப் பங்குகளில் பெரும்பகுதி பிரிட்டிஷ் கம்பெனியிடம், ஒரு சிறு பகுதி முதலீட்டு வங்கியிடம். முதலீட்டாளர்களிடம் திரட்டிய பணத்தை வைத்து வங்கி ஜெர்சி கம்பெனியின் மீட்கத்தக்க (கம்பெனி பின்னால் பணம் கொடுத்துத் திரும்பப் பெறக்கூடிய) முன்னுரிமைப் பங்குகளை வாங்கும். பிறகு வங்கி தன் ஜெர்சிப் பங்குகள் அனைத்தையும் பிரிட்டிஷ் கம்பெனிக்குக் கொடுக்கும்; பதிலுக்குப் பிரிட்டிஷ் கம்பெனி முதலீட்டாளர்களுக்குத் தன் புதுப் பங்கை வெளியிடும். வெளியீடு பணத்துக்கு அல்ல, பங்குக்குப் பங்கு. ஆகவே இருக்கும் பங்குதாரர்களிடம் முதலில் நீட்டும் விதி பொருந்தாது. ஜெர்சி கம்பெனியை முழுதாகப் பெறுவதால் இணைப்பு நிவாரணம் என்ற கணக்கு விலக்கும் கிடைத்து, முகமதிப்புக்கு மேல் வந்த பணம் கிடக்கும் பங்கு பிரீமியம் கணக்கில் பூட்டிக்கிடக்க வேண்டிய தொகை பகிரத்தக்க கையிருப்பாக மாற வழி திறக்கிறது.

இதற்கு ஏன் ஜெர்சி? பங்கு மாற்றத்துக்கு முத்திரை வரி கிடையாது. முன்னுரிமைப் பங்கை மீட்க லாபம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடனைத் தீர்க்கும் திறன் இருந்தால் போதும். மீட்டவுடனேயும், அடுத்த 12 மாதத்துக்கும் கடன்களை அந்தந்த நேரத்தில் செலுத்த முடியும் என்று டைரக்டர்கள் அறிக்கை தர வேண்டும். தகுந்த ஆதாரமில்லாமல் தந்தால் அது குற்றம். ஆகவே அறிக்கையை நிரப்பிய படிவமாக நடத்தாமல் அன்றைய இருப்பு, கடன் பட்டியல், பணவரவுக் கணிப்பு மூன்றையும் பின்னால் கோத்துவைப்பார்கள் கவனமுள்ளவர்கள். இந்த ஏற்பாட்டில் வரிசைதான் எல்லாம். முன்னுரிமைப் பங்கு ஒதுக்கப்படுவதற்கு முன்பே மாற்றுப் பத்திரத்தில் தேதி விழுந்துவிட்டால், மாற்றப்பட்டது என்ன என்ற கேள்வி எழும். அதனால் நிறைவு நாளில் ஒவ்வொரு படிக்கும் நேரத்தைக் குறித்து ஒரு தாள் சுற்றும்.

பிரிட்டனின் வணிகக் கட்டடங்களை வைத்திருக்கும் ஜெர்சி சொத்து யூனிட் டிரஸ்ட் (முதலீட்டாளர் பங்கை யூனிட்டுகளாகப் பிரித்த டிரஸ்ட்) இன்னொரு நிரந்தர வேலை. கட்டடத்தை விற்காமல் யூனிட்டை விற்றால் பிரிட்டனின் நில முத்திரை வரி இல்லை. கட்டடத்தை உள்ளே கொண்டுவரும்போது இருந்த விலக்கு 2006-ல் போய்விட்டது. 2019 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் லாபத்துக்கும் பிரிட்டன் வரி போடுகிறது. ஆகவே பழைய பளபளப்பு இல்லை, ஆனாலும் ஓடுகிறது. கடன் கொடுக்கும் வங்கிக்கு ஜெர்சிச் சொத்தின் மேல் ஈடு வேண்டுமென்றால் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஈட்டுரிமைச் சட்டம்: கைவசம், கட்டுப்பாடு, பதிவு என்று மூன்று வழியில் உறுதிப்படுத்தலாம். பதிவு முழுக்க இணையத்தில், தேடுவது பெயரை வைத்து. கடனாளியின் பெயரை ஒரு எழுத்து மாற்றிப் பதிந்தால் தேடுபவர் கண்ணில் படாது. சான்றிதழைப் பார்த்து எழுத்துக் கூட்டி ஒப்பிட ஒரு இளைய வக்கீலை உட்காரவைப்பது வீண் செலவல்ல.

டிரஸ்டியோடு ஒப்பந்தம் செய்பவர்கள் 32-ஆம் பிரிவைப் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். எதிராளி டிரஸ்டி என்று தெரிந்து பரிவர்த்தனை செய்தால், அவருடைய கோரிக்கை டிரஸ்ட் சொத்துக்குள்தான். டிரஸ்டியின் சொந்தச் சொத்தைத் தொட முடியாது. 2018-ல் பக்கத்துத் தீவான கர்ன்சியிலிருந்து வந்த கிளெனாலா வழக்கில், ஜெர்சிச் சட்ட டிரஸ்ட்டின் டிரஸ்டிகளுக்கு அந்தப் பாதுகாப்பு வெளியேயும் செல்லும் என்று பிரிவி கவுன்சில் சொன்னது. டிரஸ்ட் சொத்தே போதாமல் போனால் என்ன என்பதற்கு 2022-ல் பதில் வந்தது: முன்னாள், இந்நாள் டிரஸ்டிகளின் ஈட்டுறுதிக் கோரிக்கைகள் (தாங்கள் ஏற்ற கடனையும் செலவையும் டிரஸ்ட் சொத்திலிருந்து கேட்பவை) முந்தியவருக்கு முதல் என்றில்லாமல் விகிதாசாரமாகப் பங்கிடப்படும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்தார்கள். விலகிவிட்டோம், நமக்குத்தான் முதல் உரிமை என்று நிம்மதியாக இருந்த பழைய டிரஸ்டிகளுக்கு அது நல்ல செய்தியல்ல.

பெரிய முடிவு, உதாரணமாகக் குடும்பத் தொழிலையே விற்பது, வந்தால் டிரஸ்டி 51-ஆம் பிரிவின் கீழ் கோர்ட்டின் ஆசியைக் கேட்கலாம். மனுவை அங்கே "ரெப்ரசென்டேஷன்" என்பார்கள். தீவின் தலைமை நீதிபதியான பெய்லிஃபோ அவர் சார்பில் கமிஷனரோ, கூடவே இரண்டு ஜூரட்டுகளும் விசாரிப்பார்கள். ஜூரட்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட, பெரும்பாலும் வக்கீல் அல்லாத நீதிபதிகள். தனியறை விசாரணை, வெளியிடும் தீர்ப்பில் பெயர்கள் மறைக்கப்படும். மைனர்களுக்கும் இன்னும் பிறக்காதவர்களுக்கும் ஒரு வக்கீலை நியமிப்பார்கள். செலவு பொதுவாக டிரஸ்ட்டிலிருந்து. 2001 முதல் சோதனை மாறவில்லை: முடிவு நல்லெண்ணத்தில் எடுக்கப்பட்டதா, சரியான தகவலுள்ள நியாயமான டிரஸ்டி ஒருவர் அந்த முடிவுக்கு வரக்கூடுமா, நல நோக்க மோதல் அதைக் கெடுத்ததா.

கோர்ட் தன் கருத்தைத் திணிக்காது; டிரஸ்டியின் காரணத்தைத்தான் எடைபோடும். ஆகவே பிரமாணப் பத்திரத்தோடு போவது அந்த மினிட்ஸ்தான். முடிவெடுக்காமலே போய் "நீங்களே சொல்லுங்கள்" என்றால் அது விருப்புரிமையைக் கோர்ட்டிடம் ஒப்படைப்பது. அதற்குத் தனியாகத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். விற்றுவிட்டு வந்து ஆசி கேட்டால் கிடைக்காது. டிரஸ்டியின் சகோதர நிறுவனமே வாங்குபவருக்கு ஆலோசகர் என்பது எதிர்த்தரப்பு வாயால் வெளிவந்தால் நிலைமை மோசம். அதை மனுவின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

டிரஸ்டியை மாற்றும்போதுதான் பழைய கோப்பின் லட்சணம் தெரியும். விலகும் டிரஸ்டி சொத்தை ஒப்படைக்குமுன் தன் பொறுப்புகளுக்கு நியாயமான உத்தரவாதம் கேட்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. அந்த உறுதிமொழியின் வாசகத்துக்கு வாரக்கணக்கில் பேச்சு நடக்கும். புது டிரஸ்டி கேட்டு வாங்க வேண்டியவை: மூலப் பத்திரமும் எல்லாத் திருத்தங்களும், டிரஸ்டி நியமன ஆவணங்களின் அறுபடாத சங்கிலி, விருப்பக் கடிதங்கள் தேதி வரிசையில், கணக்குகள், வரி ஆலோசனைகள், ஒவ்வொரு பகிர்வுக்கும் மினிட்ஸ். சங்கிலியில் ஒரு நியமனம் சரியாகக் கையெழுத்தாகாமல் இருந்தால், அதற்குப் பின் வந்த டிரஸ்டிகள் எல்லோருடைய முடிவுகளும் கேள்விக்குரியவை. அதைச் சரிசெய்யவும் ராயல் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். எனவே நியமனப் பத்திரங்களைப் பழையதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக, கையெழுத்திட்டவருக்கு அன்றைக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் பொறுப்பை ஏற்க வேண்டும்.